படுக்க வைத்த சிலிண்டர்

திண்டிவனத்தில் என் அளவுக்கு அடுத்தவர் வீட்டு அடுப்பங்கரைக்குள் நுழைந்த ஆண்பிள்ளை வேறு எவனும் இருக்க மாட்டான். கேஸ் ஏஜென்சியில் மெக்கானிக்காகச் சேர்ந்து, அந்த வேலையிலேயே தலை நரைத்து, அதிலிருந்தே ஓய்வு பெற்றவன் நான். டாக்டர் வீடு, தாசில்தார் வீடு, ஒலக்கூர்ப் பக்கத்துக் கூரை வீடு என்று எந்த வீடானாலும் கூடத்தில் நிற்காமல் நேராக அடுப்பு மேடைக்குப் போயிருக்கிறேன். ஒரு குடும்பம் எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொள்ள பீரோவைத் திறந்து பார்க்க வேண்டியதில்லை, சிலிண்டரைத் தட்டிப் பார்த்தால் போதும். மாசக் கடைசியில் அது எந்த நிலையில் இருக்கிறது என்பதிலேயே எல்லாம் தெரிந்துவிடும்.

போன வாரம் ஏஜென்சியில் இப்போது வேலை பார்க்கும் இரண்டு மெக்கானிக்குகள் வீடு தேடி வந்தார்கள். "அண்ணே, எந்த ஊட்டுக்குப் போனாலும் சிலிண்டரை படுக்க வெச்சித்தான் எரிக்கிறாங்க. இன்னா சொல்லி நிறுத்தறதுன்னே தெரியல. ஒரே பேஜாரா இருக்குது. நீங்க எப்டி சொல்லுவீங்க?" என்றார்கள். செல்போனில் ஒரு வீடியோவும் காட்டினார்கள். கடைசிச் சொட்டு வரை கேஸை எரிக்க எளிய வழி என்று யாரோ ஒரு பெண் சிரித்துக்கொண்டே சிலிண்டரைச் சாய்த்துக் காட்டுகிறாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பையன்கள் மேல் இல்லை, அந்தப் பெண் மேலும் இல்லை. டீயைக் கொடுத்து அனுப்பிவிட்டேன். அன்றைக்கு வாயில் வராத பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. விழுப்புரம் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தேன். வேலை கிடைக்காமல் கொஞ்ச காலம் செஞ்சி ரோட்டில் ஒரு சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டினேன். ஏஜென்சியில் சேர்ந்ததும் சென்னைக்கு அனுப்பிப் பயிற்சி கொடுத்தார்கள். ஒரு ஹாலில் உட்கார வைத்துப் படம் போட்டுக் காட்டி, மத்தியானம் பிரிஞ்சி சாதம் வாங்கிக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டார்கள். கேஸுக்குத் தானாக நாற்றம் கிடையாது, கசிந்தால் நமக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக அந்த அழுகல் நாற்றத்தைச் சேர்க்கிறார்கள் என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டேன். மற்றதெல்லாம் வீடு வீடாகப் போய்க் கற்றது.

ஒரு வீட்டுக்குள் போகும் முறையைச் சொல்கிறேன். வாசலிலேயே நின்று மூச்சை இழுத்துப் பார்க்க வேண்டும். உள்ளே போய்விட்டால் மூக்கு பழகிவிடும், அப்புறம் அது உதவாது. கசிவு இருக்கும் என்று தோன்றினால் சுவிட்சைத் தொடக்கூடாது, முதலில் ஜன்னலைத் திறக்க வேண்டும். சாமி படத்துக்கு விளக்கு எரிந்தால் அந்த வீட்டு அம்மாவையே அணைத்து மலையேற்றச் சொல்ல வேண்டும், நாம் கை வைத்தால் அவர்களுக்கு மனசு சங்கடப்படும். ரெகுலேட்டரை மூடிக் கழற்றி, சிலிண்டர் வாய்க்குள் இருக்கும் ரப்பர் வாஷரை நகத்தால் சுற்றித் தடவிப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு நகத்துக்குத் தெரியும். டியூப்பில் துணி சுற்றியிருந்தால் அவிழ்த்தே ஆக வேண்டும். எலி கடித்த இடத்தை மறைக்கத்தான் பாதிப் பேர் துணி சுற்றுகிறார்கள். பிறகு எல்லாவற்றையும் மாட்டி, சோப்பு நுரையைக் குழைத்து ஒவ்வோர் இணைப்பிலும் தடவி, குமிழி வருகிறதா என்று பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். தீக்குச்சியைக் கிழித்துக் கசிவு பார்த்த மெக்கானிக்குகளும் இருந்தார்கள். அதில் ஒருவனுக்குப் புருவம் மறுபடி முளைக்கவே இல்லை. கடைசியாக அடுப்பைப் பற்ற வைத்து, தீ நீலமாக நிற்கிறதா என்று பார்த்து, சிலிண்டர் நேராக நிற்கிறதா என்றும் பார்த்துவிட்டுத்தான் செருப்பை மாட்ட வேண்டும்.

நேராக நிற்க வேண்டும் என்று ஏன் இவ்வளவு சொல்கிறோம்? உள்ளே காற்று அடைத்திருக்கிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். உள்ளே இருப்பது திரவம். அதிலிருந்து ஆவி எழும்பி மேலே இருக்கும் வாய் வழியாக வருகிறது. அந்த ஆவிக்குத்தான் ரெகுலேட்டரும் அடுப்பும் செய்யப்பட்டிருக்கின்றன. படுக்க வைத்தால் திரவமே வாய்க்கு வந்துவிடும். ஒரு கரண்டி திரவம் வெளியே வந்தால் ஒரு அண்டா கொள்ளாத வாயுவாக விரியும். அடுப்பு அதைத் தாங்காது.

ஆனால் தீரும் சமயத்தில், அதுவும் பனிக்காலத்து விடியற்காலையில், அடியில் கொஞ்சம் திரவம் கிடந்தும் ஆவி எழும்பாது. தீ சிணுங்கிக்கொண்டே அணைந்துபோகும். வெயில் ஏறினால் அதே சிலிண்டர் மறுபடி எரியும். அதுவரை பொறுத்திருக்க முடியாதவர்கள்தான் படுக்க வைக்கிறார்கள். விலை மலிவாக இருந்த காலத்தில் எப்போதோ ஓர் அவசரத்துக்கு ஒருவர் இருவர் செய்ததுதான். சிலிண்டர் விலை நாலு இலக்கத்துக்குப் போனதற்கப்புறம் அது வீட்டுக்கு வீடு வழக்கமாகிவிட்டது. கீழே வைக்க செங்கல்லைக்கூடத் தயாராக வைத்திருப்பார்கள்.

எங்கள் மேனேஜர் ஞானசேகரன் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. எப்போதும் வெள்ளைச் சட்டைதான் போடுவார். மேஜை இழுப்பறையில் ஒரு மல்லாட்டைப் பொட்டலம் எப்போதும் இருக்கும், எங்கள் பக்கத்தில் வேர்க்கடலைக்கு அதுதான் பெயர்; சீசனில் அவித்தது, மற்ற நாளில் வறுத்தது. உரித்துக்கொண்டேதான் பேசுவார். நல்ல செய்தி என்றால் தானே சாப்பிடுவார். கெட்ட செய்தி என்றால் நமக்கு ஒரு கை அள்ளி நீட்டுவார். சம்பளம் கூட்டிக் கேட்கப் போன நாளிலெல்லாம் நான் வயிறு நிறையத்தான் திரும்பியிருக்கிறேன். கவுண்டரில் யாராவது வந்து அழுதால், "பார்க்கலாம்மா, மேல பேசறேன்" என்பார். உண்மையிலேயே பேசவும் செய்வார். அவர் கெட்ட மனுஷனாக இருந்திருந்தால் நான் நாலு வார்த்தை கேட்டு மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன்.

அவர் சொல்லும் அந்த "மேல" எங்கே இருக்கிறது என்று நான் ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். அவருக்கு மேலே சென்னையில் ஓர் ஆபீஸ். அதற்கு மேலே வடக்கே ஓர் ஆபீஸ். அதற்கும் மேலே போனால் கடல் வந்துவிடும். நம் நாட்டு அடுப்புகளில் எரியும் கேஸில் பெரும்பங்கு வெளிநாட்டிலிருந்து கப்பலில் வருவது. மாதம் பிறந்தால் வளைகுடாவில் ஒரு விலை சொல்வார்கள், அதுவும் டாலரில். அதை ஒட்டித்தான் இங்கே விலை வைக்கிறார்கள். டாலர் ஏறினாலும் நமக்கு அடி, அங்கே எவனாவது எவன் மேலாவது குண்டு போட்டாலும் நமக்கு அடி. "ஒலக்கூர்ல களை எடுக்கற பொம்பளைக்கு கூலிய ரூபாயில குடுத்துட்டு, ஒலை வைக்கற செலவ டாலர்ல கேட்டா எப்டி சார்?" என்று ஒருமுறை ஞானசேகரன் சாரிடம் கேட்டேன். எனக்கு ஒரு கை மல்லாட்டை கிடைத்தது.

ஏழைப் பெண்களுக்கு இலவசமாகக் கனெக்‌ஷன் கொடுத்த காலத்தில் ஊர் ஊராகக் கூட்டம் போட்டோம். மைக்கில் பேசுவது என் வேலை. விறகுப் புகை கண்ணைக் கெடுக்கும், நெஞ்சைக் கெடுக்கும் என்று ஆரம்பித்து, சிலிண்டரை எப்படி வைக்க வேண்டும், எப்படி வைக்கக்கூடாது என்று செய்து காட்டி முடிப்பேன். மயிலத்துக்குப் பக்கத்தில் ஒரு ஊரில் (பெயர் வேண்டாம்) அப்படிப் பேசி முடித்தபோது முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழுந்தாள்.

"அடுப்பு இனாமா குடுக்கறீங்க. கேஸும் இனாமுங்களா?"

கூட்டமே சிரித்தது. ஞானசேகரன் சாரும் சிரித்தார். "கேஸுக்குக் காசும்மா. ஆனா அதுல கொஞ்சம் மானியமா உன் பேங்குக்கே திரும்ப வந்துரும்" என்றார்.

"வர்றது நிக்காம வந்தா சரிங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அவள்தான் கஸ்தூரி. அந்த மானியம் போகப் போகக் கரைந்ததையும், அவள் ஒருத்திதான் அதை முன்கூட்டியே கேட்டாள் என்பதையும் நான் மறக்கவில்லை.

கஸ்தூரியின் வீட்டுக்காரர் குவைத்தில் டிரைவர். ஒரே மகள், திண்டிவனத்தில் காலேஜ் படித்தாள். கேஸ் வந்த பிறகுதான் கஸ்தூரி வீட்டு வாசலில் இட்லிக் கடை போட்டாள். விறகில் தனி ஆளாக அத்தனை ஈடு எடுக்க முடியாது, கேஸில் முடிந்தது. காலை பஸ்ஸுக்குப் போகிறவர்களும், மயிலம் மலைக்கோயிலுக்கு வருகிறவர்களும் வாங்குவார்கள். வீட்டுக்காரர் அனுப்பும் பணம் வீடு கட்டிய கடனுக்குப் போய்விடும். சாப்பாட்டுக்கும் மகளின் காலேஜுக்கும் இட்லிதான். வீட்டுச் சிலிண்டரில் கடை நடத்துவது விதிப்படி தப்பு. அந்த விதியை ஒழுங்காகப் பிடித்தால் திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரை சாலையோரத்தில் ஒரு ஈடு இட்லி வேகாது. அந்தப் பக்கம் சர்வீஸுக்குப் போகும் நாளில் நானே அங்கேதான் சாப்பிடுவேன். சட்னியில் மல்லாட்டை அரைத்துப் போட்டிருப்பாள்.

என் வேலையின் கடைசி வருடத்தில் வளைகுடாப் பக்கம் சண்டை மூண்டது. டிவியில் வரைபடம் போட்டு, சிவப்பு அம்பு போட்டு, கோட் போட்டவர்கள் உட்கார்ந்து பேசினார்கள். எந்த நாட்டுக்கு லாபம், எந்த நாட்டுக்கு அவமானம் என்று விடிய விடிய அலசினார்கள். எங்களுக்கு அது வேறு விதமாகத் தெரிய வந்தது. முதலில் ஓட்டல்களுக்குப் போகும் பெரிய சிலிண்டர் லாரி வரவில்லை. பஸ் ஸ்டாண்டில் டீக்கடைகள் விறகுக்கு மாறின. புரோட்டா கடைக்காரர்கள் ஏஜென்சி வாசலில் வந்து குந்திக்கொண்டார்கள். அப்புறம் வீட்டுச் சிலிண்டர் புக்கிங்குக்கு இடைவெளி கூட்டினார்கள். அப்புறம் புக்கிங்கே எடுக்கவில்லை. குடோன் காலியானபோது ஏஜென்சிக் கண்ணாடிக் கதவில் ஓர் அறிவிப்பை ஒட்டச் சொல்லி மேலே இருந்து வந்தது. எரிவாயுத் தட்டுப்பாடு எதுவும் இல்லை, வதந்திகளை நம்ப வேண்டாம் என்று அதில் இருந்தது. கோந்து தடவி ஒட்டியவன் நான். காலிச் சிலிண்டரோடு நின்றவர்கள் அதைப் படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள்.

அந்த வரிசையில் கஸ்தூரியும் நின்றாள்.

"இன்னாண்ணே இது, போன் பண்ணா புக்கிங்கே எடுக்க மாட்டேங்குது?"

"கப்பல் வரலம்மா."

"எந்தக் கப்பலு?"

"குவைத்து, சவூதி அந்தப் பக்கமிருந்து கேஸ் ஏத்திக்கினு வர்றது. அங்க சண்டை. கடல்ல வழிய அடைச்சிட்டாங்க."

"எங்க ஊட்டுக்காரரு வேலை செய்யற கம்பெனியும் மூடிட்டாங்கண்ணே. ரூம்லயே குந்திக்கினு இருக்காரு. சம்பளம் இல்ல. வர்றதுக்கு பிளேனும் இல்ல" என்றாள். அப்புறம், "அப்ப ரெண்டும் ஒரே எடத்துலதான் மாட்டிக்கினு இருக்குதா?" என்று கேட்டாள்.

ஞானசேகரன் சார் வெளியே வந்து, "பார்க்கலாம்மா, மேல பேசிக்கினுதான் இருக்கேன்" என்றார். அவள் கிளம்பும்போது நான் கூடவே நடந்து போய்ச் சொன்னேன்: "கஸ்தூரி, தீர்ற மாதிரி இருந்தா இருக்கட்டும். படுக்க கிடுக்க வெச்சிடாத."

"தெரியும்ண்ணே. மைக்குல சொன்னீங்களே" என்றாள்.

மாசி மாதம், நல்ல பனி. முகூர்த்த நாள் ஒன்றுக்கு யாரோ காலைப் பலகாரத்துக்கு அவளிடம் சொல்லி வைத்திருந்தார்கள். வீட்டுக்காரரின் பணம் நின்றபின் கிடைத்த பெரிய ஆர்டர் அது. இருந்த அரிசி உளுந்தையெல்லாம் போட்டு மாவு அரைத்துவிட்டாள். விடியற்காலையில் முதல் ஈடு வெந்துகொண்டிருக்கும்போதே தீ சிணுங்க ஆரம்பித்திருக்கிறது. விறகு அடுப்பு மூட்டலாம் என்றால் விறகு பனியில் நனைந்து கிடந்தது. சிலிண்டர் மேல் வெந்நீர் ஊற்றிப் பார்த்திருக்கிறாள். அப்புறம் சிலிண்டரைப் படுக்க வைத்து, உருளாமல் இருக்க இரண்டு பக்கமும் செங்கல் வைத்திருக்கிறாள். தீ நன்றாகவே எரிந்ததாம். இரண்டு ஈடு எடுத்துவிட்டாளாம். மூன்றாவது ஈட்டுக்குத் தட்டை வைக்கும்போது தீ குப்பென்று எழும்பியது. டியூப் பற்றிக்கொண்டது. பக்கத்தில் மகள் நின்றிருந்தாள். அவளைத் தள்ளிவிட்டு, கஸ்தூரி கையை உள்ளே விட்டு ரெகுலேட்டரை மூடினாள்.

பக்கத்து வீட்டுக்காரர் எனக்கு போன் செய்தார். நான் மொபெட்டில் போய்ச் சேர்வதற்குள் அவளை ஆட்டோவில் ஏற்றித் திண்டிவனம் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தார்கள், அங்கிருந்து முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்கு. அடுப்பங்கரைச் சுவர் கருகியிருந்தது. மாவுக் குண்டான் மட்டும் ஒன்றும் ஆகாமல் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. நான் செய்ய வேண்டியதைச் செய்தேன். சிலிண்டரை நிமிர்த்தி, வாய்க்கு மூடி போட்டு, தரையோடு உரசாமல் தூக்கிக்கொண்டு போய்ப் பின்பக்கம் நிழலில் வைத்தேன்.

வலது கை முழங்கை வரை வெந்துவிட்டது. பிழைப்பே அந்தக் கையில் இருந்தது. விபத்துக்கு இன்சூரன்ஸ் உண்டு, ஆனால் தப்பு யாருடையது என்பதைப் பொறுத்துத்தான் கிடைக்கும். தப்பு அவளுடையது என்று முடிவானால் பணம் கிடைக்காதது ஒரு பக்கம், கனெக்‌ஷனையே நிறுத்திவிடுவார்கள். கை ஆறினாலும் கடை ஆறாது. அதனால் விசாரணைக்கு வரும் ஆபீசர் என்ன சொல்லப்போகிறார் என்பதில்தான் அந்த வீடே நின்றது.

அவள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் ஞானசேகரன் சாரையும் என்னையும் கூட்டிக்கொண்டு அந்த ஆபீசர் வந்தார். இளம் வயது, மரியாதையான மனுஷன். செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்தார். தொழில் தெரிந்தவர்தான், அவர் கேட்டதில் ஒன்றும் தப்பில்லை. பின்பக்கம் இருந்த அதே சிலிண்டரைக் கொண்டுவரச் சொல்லி, புது ரெகுலேட்டர், புது டியூப் மாட்டச் சொல்லி, நிமிர்த்தி வைத்து அடுப்பைப் பற்ற வைத்தார். உச்சி வெயில் நேரம். தீ அழகாக நீலத்தில் நின்றது.

"பாருங்கம்மா, நிக்க வெச்சா எரியுதே. ஏன் படுக்க வெச்சீங்க?"

கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கஸ்தூரி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். "காலைல எரியலீங்க" என்றாள்.

"தீர்ற மாதிரி இருந்தா வேற சிலிண்டர் வாங்கியிருக்கணும் இல்லையா?"

"குடுத்தா வாங்கியிருப்பேங்க."

அவர் ஞானசேகரன் சாரைப் பார்த்தார். சார் என்னைப் பார்த்தார். அன்றைக்கு அவர் கையில் மல்லாட்டை இல்லை, விரல்கள் மட்டும் உரித்துக்கொண்டிருந்தன. நான்தான் வாயைத் திறந்தேன்.

"சார், இந்த ரூட்டுக்கே லோடு வரல சார். ஊரே வரிசையில நின்னுது. நானே பார்த்தேன்."

"எனக்கும் தெரியும்" என்றார் ஆபீசர், தணிந்த குரலில். "ஆனா தட்டுப்பாட்டால நடந்துச்சுன்னு நான் எழுத முடியாது. தட்டுப்பாடே இல்லன்னுதான் சொல்லியிருக்காங்க. இல்லாத ஒண்ணால எப்படி விபத்து நடக்கும்?"

"அப்ப இது எதனால சார் நடந்தது?"

"படுக்க வெச்சதால. அது உண்மைதானே? வைக்கக் கூடாதுன்னு இவங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? யாராவது சொல்லியிருக்காங்களா?"

கஸ்தூரிதான் பதில் சொன்னாள். "அண்ணன் சொல்லியிருக்காருங்க. மைக்குல ஒரு தபா, ஏஜென்சியாண்ட ஒரு தபா. அவரு மேல தப்பே இல்லீங்க."

என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் அவள் அதைச் சொன்னாள். ஆபீசர் தலையாட்டிக்கொண்டார். எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருக்கிறது, வாடிக்கையாளர் மீறியிருக்கிறார், வீட்டு இணைப்பை வியாபாரத்துக்குப் பயன்படுத்தியிருக்கிறார். மூன்றும் சேர்ந்துவிட்டன. எங்கேயோ கடலில் வழியை அடைத்தவன் பெயரோ, அவன் அடைத்தால் நம் அடுப்பு அணையும்படி நாட்டை வைத்திருந்தவர்கள் பெயரோ அந்த விசாரணையில் ஒரு தடவைகூட வரவில்லை. உலகத்தில் இத்தனை பேர் சேர்ந்து நடத்திய சண்டைக்குப் பொறுப்பாளி யார் என்று தேடி, மயிலத்துக்குப் பக்கத்தில் ஒரு இட்லிக்காரியைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

கொஞ்ச நாளில் உத்தரவு வந்தது. இன்சூரன்ஸ் கிடையாது. கனெக்‌ஷன் நிறுத்தம். சிலிண்டர், ரெகுலேட்டர் இரண்டையும் திரும்ப எடுக்க வேண்டும். ஞானசேகரன் சார் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். இழுப்பறையைத் திறந்து ஒரு கை அள்ளி நீட்டினார். நான் வாங்கவில்லை.

"வேற யாரையாச்சும் அனுப்புங்க சார்."

"வேற ஆளு போனா அந்தம்மா அழும், கோவிந்தசாமி" என்றார். "நீ போனா அழாது."

அவர் சொன்னது சரியாகவே இருந்தது. அதனால்தான் அவர் மேல் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

நான் போனது மத்தியானம். வெயில் காய்ந்தது. கஸ்தூரி தனியாக இருந்தாள். மகள் எங்கே என்று கேட்டேன். "ஷூ கம்பெனி வேன்ல போய்க்கினு இருக்காண்ணே. காலேஜ் அடுத்த வருசம் பாத்துக்கலாம்னு சொல்லிட்டா" என்றாள். வீட்டுக்காரர் இன்னும் அந்த அறையிலேயே இருக்கிறார் என்றாள். பின்பக்கம் கல் கூட்டி விறகு அடுப்பு போட்டிருந்தாள். ஒற்றைக் கையால் ஊதி ஊதி கண்ணெல்லாம் சிவந்திருந்தது. அந்தக் கண்ணுக்காகத்தான் நான் ஒரு காலத்தில் மைக் பிடித்துப் பேசினேன்.

விஷயத்தைச் சொன்னேன். அவள் அழவில்லை. உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். உத்தரவு வரும்வரை தொடக்கூடாது என்று ஆபீசர் சொல்லிவிட்டுப் போனபடியே, விசாரணை அன்றைக்கு மாட்டிய புது டியூப்போடு சிலிண்டர் நின்றது. அதன்மேல் தூசி இல்லாமல் துடைத்து வைத்திருந்தாள். நான் குனிந்து ரெகுலேட்டரில் கை வைத்தேன்.

"இதுல இன்னும் கொஞ்சம் இருக்குதாண்ணே?"

லேசாகத் தூக்கி ஆட்டிப் பார்த்தேன். அடியில் சளசளத்தது. "இருக்குது."

"எடுத்துக்கினு போனா அது யாருக்கு?"

"குடோனுக்கும்மா. அங்கேருந்து திரும்ப பிளான்ட்டுக்குப் போயிடும்."

"அது நான் காசு குடுத்து வாங்கினதுண்ணே" என்றாள். சண்டை போடும் குரலில் சொல்லவில்லை. எனக்கு நினைவுபடுத்துகிற மாதிரிதான் சொன்னாள்.

அந்த மிச்சத்துக்காகத்தான் அவள் கை வெந்தது. உத்தரவில் மிச்சத்தைப் பற்றி ஒரு வரியும் கிடையாது. கையை எடுத்துவிட்டு, "ஒலை வை" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு இடது கையால் குண்டானை எடுத்தாள். தண்ணீர் மொண்டு ஊற்றியதும் அதைத் தூக்கி அடுப்பில் வைத்தது நான். பற்ற வைத்தேன், நீலமாக எரிந்தது. ஜன்னலைத் திறந்துவிட்டு அடுப்பங்கரைத் தரையில் உட்கார்ந்துகொண்டேன். அரிசி பாதி வேகும்போது தீ இறங்க ஆரம்பித்தது. அவள் தீயைப் பார்த்தாள், சிலிண்டரைப் பார்த்தாள்.

"லேசா சாய்க்கட்டுமாண்ணே?" என்று கேட்டுவிட்டு அவளே சிரித்தாள். எனக்குச் சிரிக்க வரவில்லை.

சின்னத் தீயாகவே இருந்து எப்படியோ சோறு வெந்தது. அவள் கஞ்சியை வடிக்க முடியாமல் நின்றாள், நான் வடித்துக் கொடுத்தேன். முதல் தட்டை எனக்குத்தான் போட்டாள், ரசம் ஊற்றினாள். சாப்பிட்டு முடித்து, தட்டைக் கழுவி வைத்துவிட்டு, ரெகுலேட்டரைக் கழற்றினேன்.